நாலாவது ஆள்

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் ஊரே இருக்கும். நாங்கள் மூன்று பேர்தான்: அப்பா, அம்மா, நான். ஆனால் நாங்கள் மூவர் மட்டும் நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. என் முதல் பிறந்தநாள் படத்தில் எதிர் குவார்ட்டர்ஸ் மாமி நிற்கிறார். பத்தாவது பாஸானபோது எடுத்த படத்தில் கேஸ் சிலிண்டர் போட வந்தவர், தோளில் துண்டோடு, எங்களைவிட அழகாகச் சிரிக்கிறார். மகாபலிபுரத்தில் எடுத்ததில் யாரோ ஒரு வடநாட்டுக்காரர். "கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்களேன்" என்று அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டிருப்பாள். பாவம், என்ன ஏதென்று தெரியாமல் வந்து நின்றிருப்பார்.

மூன்று பேராக நின்று போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தால் மூவரில் ஒருவர் பிரிந்துவிடுவார். இதுதான் காரணம். அம்மா கண்டுபிடித்த விஷயமில்லை இது. பாதி வீடுகளில் சொல்வார்கள், சொல்லிக்கொண்டே சிரித்து எடுத்தும் விடுவார்கள். என் அம்மா எடுக்கவிட்டதில்லை. கல்யாண வீட்டில்கூட மேடையேறும்போது விரல்விட்டு எண்ணுவாள்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற பாக்டரியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். ஆயுத பூஜைக்கு எல்லாரும் மிஷினுக்குப் பொட்டு வைத்தால் இவர் பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். "மூணு இட்லி வெச்சா ஒண்ணு காணாமப் போயிடுமா?" என்று அம்மாவைச் சீண்டுவார். அம்மா நாலாவது இட்லியை வைத்துவிட்டுப் போவாள். போட்டோ விஷயத்தில் மட்டும் கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுப்பார். யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார், படம் எடுக்கப்படும், அப்பா படத்தில் கொஞ்சம் முறைத்துக்கொண்டு இருப்பார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. நாற்பதைத் தாண்டியாயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, திருமுல்லைவாயிலில் கீழ்த்தள பிளாட், அதில் நாங்கள் மூவர். "ஒருத்தியக் கூட்டிட்டு வந்திருந்தா இந்நேரம் நாலு ஆயிருக்கும்ல" என்பது அம்மாவின் நிரந்தரக் குத்தல். போட்டோவுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டால் பாத்திரம் சத்தமாக விழும்.

வேறு செலவு இல்லாத ஆளுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கத்தானே வேண்டும். எனக்குக் கேமரா பிடித்தது. வெள்ளானூரில் புது வீடு கட்டிக் குடிபோன ஒருவர், வைக்க இடமில்லை என்று ஒரு பழைய கேமராவைத் தள்ளிவிட்டார். அகல ஃபிலிம் போடுகிற பெரிய பெட்டிக் கேமரா. கழுத்தில் மாட்டினால் ஆள் குனிந்துவிடுவான். அம்மா அதற்கு வைத்த பெயர் அம்மிக்கல். மேல் மூடியைத் திறந்து குனிந்துதான் உள்ளே பார்க்க வேண்டும். பால் நிறக் கண்ணாடியில் எதிரில் இருப்பது தெரியும், இடம் வலமாகவும் வலம் இடமாகவும்.

அதன் முதுகில் இன்னொரு பெட்டியை மாட்டலாம். அதில் போடுவதுதான் பேக் ஃபிலிம். எடுத்த இடத்திலேயே படம் கையில் வரும். எடுத்ததும் வெள்ளை நாக்கு ஒன்றை இழுக்க வேண்டும், அது ஒரு மஞ்சள் நாக்கை வெளியே கொண்டுவரும். அதைப் பிடித்து இழுத்தால் இரண்டு உருளைக்கு நடுவே காகிதம் நசுங்கி வெளியே வரும். நசுங்கும்போது உள்ளே இருக்கிற மருந்துப் பை உடைந்து, பசை மாதிரி மருந்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பரவும். கொஞ்ச நேரம் காத்திருந்து இரண்டு காகிதத்தையும் பிரித்தால் ஒன்றில் படம், இன்னொன்றில் பிசுபிசுப்பு. தயங்கி இழுத்தால் கோடு விழும், கோணலாக இழுத்தால் மூலை போகும்.

இந்த ஃபிலிமை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. காலாவதியானதைத் தேடிப் பிடித்து வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பேன். அம்மா அதைத் தோசை மாவுக்குப் பின்னால் தள்ளுவாள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருப்பது குளிர்நாட்டுக்காரனுக்கான கணக்கு. நம்ம ஊர் மே மாதத்தில் அதை நம்பினால் எல்லார் முகமும் மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி வரும். பாடி மேம்பாலத்துக்கு அடியில் லாரிகளை எடுத்தே இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டு முடித்தபோது ஃபிலிமும் முடிந்துவிட்டது. கடைசிப் பாக்கெட்டில் மிச்சம் இருந்தது இரண்டே படம்.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது. ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து படுங்கள், திங்கள் காலையில் ஆபரேஷன் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். டாக்டர் படம் வரைந்து விளக்கியபோது அப்பா பாக்டரி ஆள் மாதிரியே தலையாட்டினார், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இரண்டு கேள்வி கேட்டார். அம்மா டாக்டர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கும்போது அப்பா சொன்னார், "அந்த அம்மிக்கல்ல ஒரு படம் எடுத்துடுடா. நாம மூணு பேரும்."

"நாலு பேரு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"இன்னிக்கு ஒரு நாள் ஊரான் எவனும் வேணாம். மூணு பேரு. என் பெண்டாட்டி, என் புள்ள, நான். அவ்வளவுதான்."

"இன்னிக்கா? இன்னிக்குப் போயா?" அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "நல்லா இருக்கிற நாள்லயே நான் விட்டதில்ல. நாளைக்கு உங்களக் கத்திக்குக் குடுத்துட்டு உக்காரப் போறேன், இன்னிக்கு மூணு பேரா நிக்கணுமா?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். அப்பா வாயைத் திறந்து ஒன்று கேட்கிற ஆள் இல்லை. தீபாவளிக்குச் சட்டை வேண்டுமா என்றால்கூட இருக்கிறதே என்பார். இப்போது கேட்டது இது ஒன்றுதான். அதை எடுக்காமல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. எடுத்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா என்ன ஆவாள் என்பதும் தெரிந்திருந்தது. போனிலேயே ஒன்று எடுத்துத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் எடுத்தாலும் அம்மா எண்ணுவாள். எடுத்த பிறகு ஓரத்தில் நிற்கிறவரை வெட்டிவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தத் தந்திரத்தை ஒருமுறை செய்து, மூன்று நாள் ரசம் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

சரி, வழக்கம்போல ஒருவரை நிறுத்துவது என்று முடிவானது. அப்பா "என்னமோ பண்ணுங்க" என்று எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டார். தண்ணீர் கேன் போடுகிற அண்ணன் அந்த நேரம் சரியாக வந்தார். எங்கள் பிளாக்குக்கு எல்லாக் கேனும் அவர்தான்.

"இன்னாது, போட்டாவா? நானா? இரும்மா, ஊட்டுக்குப் போய் நல்ல சட்ட மாட்டிகினு வந்துர்றேன்."

"வேணாம் தம்பி, இதுவே நல்லா இருக்கு. சும்மா நில்லு."

கார் நிறுத்தும் இடத்தில் காலை வெளிச்சம் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. அப்பாவை நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் எனக்கு இடம். எனக்கும் அப்பால் ஓரத்தில் கேன் அண்ணன், காலடியில் கேனோடு. கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிக் குனிந்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடி தெளிவாகத் தெரியும்வரை திருகினேன். பிறகு நீளமான ரப்பர் குழாயைப் பொத்தானில் மாட்டினேன். அதன் முனையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். கைக்குள் வைத்து அமுக்கினால் காற்று போய்ப் பொத்தானை அழுத்தும். ஓடிப்போய் நின்றேன். அமுக்கினேன். கேமரா டொக்கென்று கதவு சாத்துகிற சத்தம் போட்டது.

வெள்ளையை இழுத்தேன், மஞ்சளை இழுத்தேன். கோணல் இல்லாமல்தான் இழுத்தேன், சத்தியமாக. எல்லாரும் சுற்றி நின்றார்கள். பிரித்தேன்.

அப்பா அருமையாக வந்திருந்தார். அம்மா வந்திருந்தாள். நான், கேட்கவே வேண்டாம், கண்ணை மூடியிருந்தேன். எனக்கு அப்புறம் படம் இல்லை. வெறும் வெள்ளை. மருந்துப் பை பழசானதில் உள்ளே பாதி காய்ந்துபோயிருக்க வேண்டும், மருந்து கடைசிவரை எட்டவே இல்லை. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு திட்டுப் பரவியிருந்தது.

கேன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா இது? கேன் கீது, நான் இல்லியே!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா? நான் கேட்டது கேமராவுக்குப் புரிஞ்சிருக்கு, உனக்குத்தான் புரியல" என்றார் அம்மாவிடம். கேன் அண்ணனும் சிரித்தார், "அடுத்த வாட்டி நடுவுல நிக்க வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் சிரித்தேன். அம்மாவைப் பார்க்காமல் சிரித்துவிட்டேன்.

அம்மா காலியான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. படத்தை வாங்கி மடியில் வைத்து விரலால் எண்ணினாள். பிறகு இன்னொரு முறை எண்ணினாள்.

"நடுவுல யாரு?" என்றாள்.

"அப்பா."

"நடுவுல இருக்கிறவங்கதான் போவாங்க."

இந்தப் பகுதியை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. ஒருவர் பிரிவார் என்பதோடு நிறுத்திவிடுவாள். யார் என்று இத்தனை வருடமும் வாயைத் திறந்து சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"கேன் அண்ணன் மாடிலதான் இருக்கார். இன்னொரு படம் இருக்கு. கூப்பிட்டு நாலு பேரா எடுத்துடலாம்" என்றேன்.

"அது வேற படம்டா. மூணா விழுந்தது விழுந்துடுச்சில்ல? அது எங்க போகும்?"

"கிழிச்சுப் போட்டுடறேன்."

"உங்கப்பா மூஞ்சியக் கிழிப்பியா? ஆபரேஷனுக்கு மொத நாள்? உனக்கு அறிவு இருக்கா?"

அடச்சே என்று ஆகிவிட்டது எனக்கு. படித்தவன், காரணம் தெரிந்தவன், மருந்து காய்ந்ததை விளக்கத் தெரிந்தவன். எல்லாவற்றையும் விளக்கினேன். உருளை, பசை, காலாவதி எல்லாம் சொன்னேன். அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"முடிச்சியா? இப்ப இன்னொண்ணு எடு. மூணு பேரே எடு. நான் நடுவுல நிக்கிறேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"எதுக்கு?" என்றார்.

"பின்னாடி எடுத்ததுதான் செல்லும். எடுடா."

பின்னால் எடுத்தது செல்லும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளே எழுதிக்கொண்ட சாஸ்திரம் அது என்று தெரிந்தது. எழுந்து நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்தினாள், அப்பாவை அதில் உட்காரச் சொன்னாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். கேமராவை நேராகப் பார்த்தாள். ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கும்போது அப்படித்தான் நிற்பாள்.

நான் குனிந்து கண்ணாடியில் பார்த்தேன். அப்பா வலப்பக்கம் போயிருந்தார், எனக்கான இடம் இடப்பக்கம் வந்திருந்தது. இந்தக் கேமராவில் இடமும் வலமும் மாறும், நடு மாறாது. எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தும் அந்தப் பந்தை அமுக்க என் கைக்கு இஷ்டமில்லை.

அதற்குள் அப்பா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "நகரு நீ. நான் இருந்த இடத்துலயே இருக்கேன்."

"நீங்க உக்காருங்க."

"நகருன்னா நகரு."

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லியே? எங்க நின்னா என்ன?"

இட்லிக்கும் பேய்க்கும் ஜோசியத்துக்கும் நாற்பது வருடமாகப் பதில் வைத்திருந்த மனிதர், வாயைத் திறந்து மூடினார். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்தார். "நம்பிக்கை இல்லதான். ஆனா நீ அங்க நிக்காதே."

"விடுங்க."

"நீ நிக்காதேன்றேன்."

அம்மா காலை ஊன்றிக்கொண்டாள். அவர் இழுத்தார். நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போகிற ஆள், மூச்சு வாங்க வாங்க இழுத்தார். எதிர் பிளாக் பால்கனியிலிருந்து துணி உலர்த்துகிற பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருவர் மேலும் கோபம், அந்தக் காய்ந்த மருந்து மேல் கோபம். ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போனேன். இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினேன், நடுவில் நின்றேன்.

"போதுமா? நான் நிக்கிறேன். ரெண்டு பேரும் வாய மூடுங்க."

"ஐயோ!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தக் கத்தலுக்குள் கேமரா டொக்கென்றது.

"எடுத்துட்டியா?" என்றாள் அம்மா.

"பாக்கலாம், வந்திருக்கான்னு."

கடைசி வெள்ளையை இழுத்தேன். கடைசி மஞ்சளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போது தினமும் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கிறார், உப்பு குறைவு என்று சண்டை போடுகிறார். அது டாக்டர்கள் செய்த வேலை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அது தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். "வராம போகட்டும், வராம போகட்டும்" என்பது எனக்குக் கேட்டது. கிண்டல் செய்வார் என்று அப்பாவைப் பார்த்தேன். அவரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரித்தேன். இந்த முறை மருந்து ஓரம்வரை பரவியிருந்தது. ஒரு மூலைகூடப் போகவில்லை. நடுவில் நான் நிற்கிறேன், கேமராவைப் பார்த்துக்கொண்டு, கண் திறந்து. அவர்கள் இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. இருவர் வாயும் திறந்திருக்கிறது. அம்மாவின் கை என் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறது. அப்பாவின் கை என் தோளில் இருக்கிறது, தள்ளுகிற கை. வேறு யாரும் இல்லை. நாங்கள் மூவர் மட்டும்.

அம்மா எண்ணவில்லை. ஒரு பார்வைதான் பார்த்தாள். கையை ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். தலை நரைக்கத் தொடங்கிய வயதில், கார் பார்க்கிங்கில், பட்டப்பகலில், நல்ல அறை. பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

எனக்குக் கன்னம் எரிந்தது. உதவிக்கு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னொண்ணு வை அவனுக்கு" என்றார்.